பதிவேட்டில் இல்லை

ஜூலை 5, புதன்

புதுக் குறிப்பேடு. பின்னால் எனக்கே மறந்துபோகும் என்பதால் சிலவற்றை முதலில் எழுதிவைக்கிறேன்.

வயது அறுபத்து நான்கு. பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றின் திட்டப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். மூன்று வருடங்களாகத் தரமணியில் இந்த மென்பொருள் நிறுவனத்தில் ஒப்பந்த வேலை. ஒவ்வோர் அக்டோபரிலும் புதுப்பிக்க வேண்டும். இங்கே ஏழெட்டுப் பேர் சேர்ந்தால் ஒரு டீம். ஒவ்வொரு டீமும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எதையாவது முடித்துக் காட்டும். ஒரு டீமின் வேலை இன்னொரு டீமுக்காகக் காத்திருக்கும் இடங்களைக் கண்டுபிடித்துப் பதிவேட்டில் எழுதி, தேதி தவறாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

இந்தக் காலாண்டில் பெரிய வேலை, ஊரெங்கும் கிளைகள் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனை நிறுவனத்துக்கானது. சோதனை முடிவு நோயாளியின் கைபேசிக்கே போய்ச் சேர வேண்டும். அதைச் செய்வது அமராவதி டீம். தலைவி ஜெசிந்தா, நாகர்கோவில்காரர், முப்பத்தாறு வயது. எந்த முடிவு எந்த நோயாளிக்கு என்று அடையாளம் காட்டும் இணைப்பைப் பாலாறு டீம் செய்து கொடுத்தால்தான் அமராவதி தன் வேலையை முடிக்க முடியும். பாலாற்றின் தலைவர் தீனதயாளன். அவர்கள் கொடுக்க வேண்டிய தேதி ஆகஸ்ட் 14. எல்லாம் சேர்ந்து வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய தேதி செப்டம்பர் 8. டீம்களுக்கு ஆறுகளின் பெயர் வைத்தவர் எங்கள் டெலிவரி தலைவர் பிரகலாதன்.

சுவரில் பெரிய பலகை உண்டு. கொடுக்கும் டீமின் அட்டையிலிருந்து வாங்கும் டீமின் அட்டைக்குச் சிவப்புக் கம்பளி நூல் கட்டுவோம். கட்டுவதற்கு முன், கொடுக்கும் டீமில் எல்லோரும் ஒரே நேரத்தில் கையை உயர்த்தி விரல் காட்ட வேண்டும். ஐந்து விரல் என்றால் நிச்சயம் முடியும், ஒன்று என்றால் முடியாது. யாராவது இரண்டோ அதற்குக் கீழோ காட்டினால் நூலைக் கட்டக் கூடாது. காரணம் கேட்டுத் தேதியை மாற்ற வேண்டும். அந்த விதியை எழுதியவன் நான். கட்டிய ஒவ்வொரு நூலுக்கும் பக்கத்தில் வாராவாரம் நிறப் பொட்டு ஒட்டுவதும் நான்தான்: தேதிக்கு வரும் என்றால் பச்சை, சந்தேகம் என்றால் மஞ்சள், தவறிவிட்டால் சிவப்பு.

பாலாறு கையை உயர்த்தியபோது மணி ஐந்து ஐம்பது. கம்பெனிப் பேருந்து ஆறு பத்துக்கு. பிரகலாதன் கதவருகே நின்று, "முடிச்சுக்கலாமா சார்? பஸ்ஸு போயிடும்" என்றார். எட்டுக் கைகள். நான்கும் ஐந்துமாக இருந்தன. சோதனையாளர் மல்லிகேஸ்வரி பின்வரிசையில் நின்றார். அவருடைய மூன்றாவது விரல் சற்று மடங்கியிருந்தது. மூன்று என்று எண்ணினேன். குறைந்த எண் மூன்று என்று பதிவேட்டில் எழுதி, நூலைக் கட்டினேன்.

பேருந்தில் சன்னலோர இடம் கிடைத்தது.

ஜூலை 7, வெள்ளி

சிலிண்டர் வந்தது. மனைவி சுலோசனாவுக்குக் கண்ணுக்குச் சொட்டு மருந்து, காலை ஏழு, மாலை ஏழு. அவளே விட்டுக்கொண்டால் பாதி கன்னத்தில் போகிறது.

ஜூலை 20, வியாழன்

கேன்டீனில் ஜெசிந்தா என் எதிரே தட்டை வைத்து உட்கார்ந்தார்.

"சார், பாலாறு சமாச்சாரம் நெஜமா எப்படி இருக்கு?"

"பச்சைலதாம்மா இருக்கு."

"வராதுண்ணா இப்பமே சொல்லிருங்க சார். பொம்மை இணைப்பு ஒண்ணு நாங்களே செஞ்சு வச்சுட்டு வேலைய ஆரம்பிச்சிருவோம். அதுக்கு ஒரு வாரம் ஆகும். வரும்ணா அந்த ஒரு வாரத்த வீணாக்க என்ட்ட ஆள் இல்ல."

"பச்சைன்னா தேதிக்கு வரும்னு அர்த்தம்மா."

"அர்த்தம் தெரியும் சார். நீங்க நம்புதீங்களாண்ணு கேக்கேன்."

என் நம்பிக்கையை இந்த நிறுவனத்தில் யாரும் கேட்டதில்லை. பலகையில் இருப்பதைத்தான் சொல்ல முடியும் என்றேன். அவர் அப்பளத்தை இரண்டாக உடைத்து ஒரு பாதியை என் தட்டில் வைத்துவிட்டு, "நீங்க பழைய ஆளு சார். ஒங்களுக்கு மூக்குல வேர்க்கும்ணு நெனச்சேன்" என்றார்.

மூக்கில் வேர்த்திருந்தது. பாலாறு டீம் இரண்டு வாரமாக எதையும் முடித்துக் காட்டவில்லை. ஆனால் அது யூகம்.

ஜூலை 27, வியாழன்

ஜெசிந்தா இடர் அறிவிப்புப் படிவம் கொடுத்தார். ‘பாலாற்றின் இணைப்பு ஆகஸ்ட் 14க்கு வராது என அஞ்சுகிறேன். மாற்று ஏற்பாட்டுக்கு ஒரு ஆள் தேவை.’ தெளிவாக எழுதியிருந்தார். படிவத்தில் ஏழு கட்டங்கள். ஆறாவது கட்டம், கொடுக்கும் டீமின் தலைவர் பார்த்ததற்கான கையொப்பம். அது காலியாக இருந்தது. முழுமையடையாத படிவத்தைப் பதிவேட்டில் ஏற்றுவதில்லை. திருப்பிக் கொடுத்தேன்.

"தீனா கையெழுத்து வாங்கணுமா?"

"ரெண்டு பக்கமும் தெரிஞ்சிருக்கணும்னுதான்மா அந்தக் கட்டம்."

"கள்ளன்ட்டயே கையெழுத்து வாங்கிட்டு வந்து கேஸு குடுங்கண்ணு சொல்லுதீங்க."

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்கலாம். அவர் தீனதயாளனிடம் இரண்டு முறை போனதைப் பார்த்தேன். ஒருமுறை தொலைபேசியில் இருந்தார், ஒருமுறை, "அப்புறம் பாக்கலாம், வச்சுட்டுப் போங்க" என்றார்.

படிவம் எனக்குத் திரும்பி வரவில்லை. ஆறாவது கட்டம் தேவைதானா என்று வீட்டில் யோசித்தேன். தொழிற்சாலையில் அப்படித்தான் இருந்தது. அங்கே அது சரியாக வேலை செய்ததா என்பதும் இப்போது நினைவில்லை.

ஆகஸ்ட் 3, வியாழன்

வாராந்திரக் கூட்டத்துக்கு முன் தீனதயாளன் என் நாற்காலிக்கு வந்து முதுகைத் தட்டினார்.

"சார், தொண்ணூத்தஞ்சு பர்சன்ட் ஓவர். இந்த வாரமும் பச்சைலயே வுட்ருங்க."

"மீதி அஞ்சு என்னப்பா?"

"சும்மா செக்யூரிட்டி டெஸ்டிங், ஒரு ரெண்டு மூணு பக். நீங்க மஞ்ச போட்டா பிரகலாதன் சார் தினமும் ஒரு மீட்டிங் வெப்பாரு. மீட்டிங்ல உக்காந்துக்குனு நான் எப்போ சார் முடிக்கிறது? நீங்களே சொல்லுங்க, நியாயமா?"

நியாயமாகத்தான் பட்டது. போன வாரமும் தொண்ணூற்றைந்து என்றுதான் சொன்னார் என்பது குறிப்பில் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் போய்விட்டார். பச்சை.

ஆகஸ்ட் 10, வியாழன்

பச்சை. மோட்டார் காயில் எரிந்துவிட்டது, ஆள் வரவேண்டும்.

ஆகஸ்ட் 14, திங்கள்

வரவில்லை.

மாலை ஐந்து மணி வரை காத்திருந்து சிவப்பாக மாற்றினேன். பச்சையிலிருந்து நேராகச் சிவப்பு. நடுவில் மஞ்சள் இல்லாமல் போனது இந்த மூன்று வருடத்தில் இதுவே முதல் முறை.

ஜெசிந்தா பலகைக்கு முன் வந்து நின்றார். திட்டவில்லை. "எத்தன நாளு சார்?" என்று மட்டும் கேட்டார். தீனதயாளன் ஒரு வாரம் என்கிறார் என்றேன். "அப்பம் மூணு வாரம்" என்று சொல்லிவிட்டு, தன் டீமைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கண்ணாடிச் சுவர் வழியே தெரிந்தது. பொம்மை இணைப்புச் செய்யும் வேலையை இன்று ஆரம்பிக்கிறார்கள்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

விடுமுறை. கொடியேற்றத்துக்குக் குடியிருப்பில் கூப்பிட்டார்கள். போகவில்லை.

செப்டம்பர் 1, வெள்ளி

பாலாறு இன்று கொடுத்தது. ஜெசிந்தா சொன்ன மூன்று வாரத்துக்கு மூன்று நாள் முன்னதாக. அமராவதி இரண்டு சனி ஞாயிறுகளாக வேலை செய்கிறது. வேலை முடிந்தாலும் முழுதாகச் சோதித்துப் பார்க்க நாள் போதாது. ஜெசிந்தாவின் மகள் நேற்று மாலை அலுவலகத்திலேயே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 8, வெள்ளி

முழுதாகப் போகவில்லை. போனதும் சரியில்லை. ஒத்திகைக்கு ஒரு கிளையில் மட்டும் ஓடவிட்டார்கள். ஒருவருடைய சர்க்கரை அளவு இன்னொருவர் கைபேசிக்குப் போய்விட்டது. ஒரே பெயர் கொண்ட இருவர். யாருக்கும் ஆபத்தில்லை, உடனே நிறுத்திவிட்டார்கள். ஆனால் வாடிக்கையாளர் தரப்பில் கொதித்துப் போயிருக்கிறார்கள். யார் பொறுப்பு என்று எழுத்தில் கேட்கிறார்கள். புதன்கிழமை விசாரணைக் கூட்டம். அதற்கு, குறை காணாத மீள்பார்வை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 11, திங்கள்

தண்ணீர் பிடிக்கும் இடத்தில் மல்லிகேஸ்வரி. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் பேசினார்.

"சார், ரெஜிஸ்டர்ல குறைஞ்சது மூணுன்னு போட்டிருக்கீங்க. நான் ரெண்டுதான் காட்டினேன்."

"மூணாவது விரல் பாதிதானேம்மா மடங்கியிருந்துச்சு."

"மடக்கித்தான் சார் வச்சிருந்தேன். ரெண்டுன்னா மீதியை மடக்கித்தானே ஆகணும். நீங்க என்னைத்தான் பாத்தீங்க. காரணம் கேப்பீங்கன்னு சொல்றதெல்லாம் மனசுல ஓட்டி வச்சிருந்தேன். நீங்க கடிகாரத்தைப் பாத்தீங்க."

பாட்டில் நிரம்பி வழிந்தது. குழாயை மூடினேன்.

செப்டம்பர் 12, செவ்வாய்

பிரகலாதன் தன் அறைக்கு அழைத்து, உட்காரச் சொல்லி, எனக்குச் சர்க்கரை இல்லாத தேநீர் வரவழைத்தார். சர்க்கரை வேண்டாம் என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று வியப்பாக இருந்தது.

"நாளைக்கு ஒரே ஒரு விஷயம்தான் சார் உங்ககிட்ட கேப்பேன். அமராவதி ரிஸ்க் ரெய்ஸ் பண்ணதா ரெஜிஸ்டர்ல பதிவு இருக்கா? அதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்."

"ஒரு படிவம் கொடுத்தாங்க. நான்தான்..."

"ரெஜிஸ்டர்ல இருக்கா சார்?"

"இல்ல."

"அவ்ளோதான். உங்க ரெஜிஸ்டர் மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை. கிளையன்ட்டுக்கே தெரியும், அருணகிரி சார் எழுதினா அது அப்படித்தான் இருக்கும்னு. பாலாறை இப்ப தொட முடியாது சார், அடுத்த மூணு ப்ராஜெக்ட் அவங்களை நம்பித்தான் இருக்கு. அடுத்த மாசம் உங்க ரினியூவலும் வருது, அதை நானே பாத்துக்கறேன்."

வீட்டில் சுலோசனாவிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு குடுத்துச்சா இல்லையா?"

"கொடுத்தாங்க. முழுமையா இல்ல."

"முழுமையெல்லாம் கெடக்கட்டும். குடுத்துச்சுன்னு சொல்லிட்டு வாங்களேன். என்ன பண்ணிருவாங்க? பென்ஷன் வருது. புள்ள அனுப்புறான். வேலைய விட்டுட்டு வந்தா எனக்குக் கீரையாவது ஆய்ஞ்சு குடுப்பீங்க."

நியாயமான கேள்வி. என்ன செய்துவிடுவார்கள் என்று வெகு நேரம் யோசித்தேன். எதுவும் செய்ய மாட்டார்கள். நாளை மறுநாள் காலை எட்டு மணிக்கு எனக்குப் போக ஓர் இடம் இருக்காது, அவ்வளவுதான்.

சிறு தாளில் மூன்று வாக்கியங்கள் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். ஒன்று, பதிவேட்டில் இல்லை. இரண்டு, ஜூலை 27 அன்று அவர் படிவம் கொடுத்தார், ஒரு கையொப்பம் இல்லையென்று நான் திருப்பிவிட்டேன். மூன்று, விரல்களை எண்ணியதில் பிழை என்னுடையது, அதன் பிறகு பச்சையை மாற்றாததும் நான்தான். வரிசை சரியாக இருக்கிறது.

செப்டம்பர் 13, புதன்

கூட்டம் பதினொன்றுக்கு. திரையில் வாடிக்கையாளர் தரப்பு அம்மையார் ஒருவர். அறையில் பிரகலாதன், தீனதயாளன், ஜெசிந்தா, நான்.

தீனதயாளன் முதலில் பேசினார். பதினெட்டு நாள் தாமதத்தை ஒத்துக்கொண்டார். குரலில் வருத்தம் இருந்தது. "ஆனா தாமதம் ஆகும்போது மாற்று ஏற்பாடு பண்றது வாங்குற டீமோட பொறுப்பும்தான் மேடம். முன்னாடியே சொல்லியிருந்தாங்கன்னா நாங்க ஆள் மாத்திக் குடுத்திருப்போம்" என்றார்.

ஜெசிந்தா நிமிர்ந்தார். "முன்னாடியே சொல்லலையா? தீனா, ஒங்க மேசைல ரெண்டு தடவ வந்து நின்னேனே. ஜூலையிலயே எழுதிக் குடுத்தேன். சார்ட்ட கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திரையில் இருந்த அம்மையாரும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

பிரகலாதன் மென்மையாகத்தான் கேட்டார். "சார், ரெஜிஸ்டர்ல பதிவு இருக்கா?"

"பதிவேட்டில் இல்லை" என்றேன்.

இரண்டாவது வாக்கியத்துக்காகச் சட்டைப்பையைத் தொட்டேன். "தேங்க் யூ சார்" என்று பிரகலாதன் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். இடையில் மறிக்க வேண்டாம் என்று பொறுத்தேன். பேச்சு ஒரு நிலைக்கு வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். பதினொன்று நாற்பதுக்குக் கூட்டம் முடிந்துவிட்டது.

ஜெசிந்தா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் என்று சொல்ல முடியாது. வழி கேட்டுத் தப்பான தெருவுக்கு வந்துவிட்டவர், வழி சொன்னவரைத் திரும்பிப் பார்ப்பதுபோல.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மறுபடியும் சரிபார்த்தேன். பதிவேட்டில் இல்லை.

செப்டம்பர் 14, வியாழன்

சட்டையைத் துவைக்கப் போடுமுன் பையில் இருந்த தாளை எடுத்துக் கிழித்தேன்.

செப்டம்பர் 29, வெள்ளி

ஜெசிந்தாவுக்குக் கடைசி நாள். ராஜினாமா என்று அறிவிப்பில் இருந்தது. தானாகக் கொடுத்தால் அனுபவச் சான்றிதழ் ஒழுங்காகத் தருவோம் என்றார்களாம், மல்லிகேஸ்வரி சொன்னார். கேக் வெட்டினார்கள். நான் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். அவராகவே வந்தார்.

"ஆறாவது கட்டம் இன்னும் இருக்கா சார்?"

"எடுத்துடலாம்னு இருக்கேம்மா."

"எடுத்துருங்க. அடுத்தவளுக்காவது ஒதவும்."

அவ்வளவுதான் பேசினார். தன் மேசையிலிருந்த செடியைத் துப்புரவுப் பணியாளரிடம் கொடுத்துவிட்டு லிஃப்டில் இறங்கினார். கேக்கில் சர்க்கரை அதிகம். பாதியைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 9, திங்கள்

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. பிரகலாதன் எல்லோர் முன்பும் கை கொடுத்து, "நம்ம கம்பெனியோட மெமரி சார் இவர்" என்றார். கைதட்டினார்கள். ஆறாவது கட்டத்தை நீக்கும் யோசனையை எழுதிக் கொடுத்தேன். காலாண்டு நடுவில் படிவத்தை மாற்றினால் குழப்பம் வரும், ஜனவரியில் பார்க்கலாம் என்றார். சரி என்றேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

ஜெசிந்தாவிடமிருந்து கைபேசியில் செய்தி.

‘சார், பெங்களூர்ல ஒரு வேலை கிட்டத்தட்ட கிடச்சிருக்கு. பழைய கம்பெனில விசாரிச்சப்ப, டெலிவரி தவறினது என்னாலண்ணு சொல்லிட்டாங்க. வேற யாராவது சொல்ல முடியுமாண்ணு கேட்டாங்க. ஒங்க பேரக் குடுத்திருக்கேன். எனக்காகப் பேச வேண்டாம். நடந்தத மட்டும் சொன்னா போதும்.’

மூன்று முறை படித்தேன். ஏன் என் பெயர்? மன்னித்துவிட்டாரா, சோதிக்கிறாரா, அல்லது வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லையா? மூன்றாவதாகத்தான் இருக்கும். ‘சரிம்மா’ என்று பதில் போட்டேன்.

அக்டோபர் 19, வியாழன்

பின்னணி விசாரிக்கும் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் பேசினார். சேலம் பக்கம் போல, மரியாதையான குரல். மாடிப்படியில் நின்று பேசினேன்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். விரல், பச்சை, படிவம், கூட்டம். ஒன்பது நிமிடம். இவ்வளவு தொடர்ச்சியாக நான் யாரிடமும் பேசியதில்லை. அந்தப் பெண் இடைமறிக்காமல் கேட்டார்.

"ரொம்ப நன்றிங்க சார். இது அவங்களுக்கு ரொம்ப உதவும். ஆனா வாயால சொன்னத நான் ரிப்போர்ட்ல ஏத்த முடியாதுங்க. ரெண்டே வரி மெயில் போட்ருங்க. உங்க ஆபீஸ் ஐடில இருந்து வரணும், அப்பத்தான் செல்லும்."

"ஆபீஸ் ஐடியிலிருந்தா?"

"ஆமாங்க சார். நாளைக்கு மூணு மணிக்கு ஃபைல மூடிருவோம். மூடறதுக்கு முன்னாடி நானே ஒருக்கா கூப்பிடறேன், மெயில் வந்துச்சான்னு பாத்துட்டு. வரலைனா பழைய கம்பெனி சொன்னதுதான் நிக்கும். பாத்துக்கோங்க சார்."

மாலையில் அந்தக் கடிதத்தை எழுதினேன். இரண்டு வரிக்குப் பதில் பதினொரு வரி வந்தது. சுருக்கி நான்காக்கினேன். தவறில்லாத, நல்ல கடிதம். அலுவலகத்து மெயில் எல்லாவற்றையும் பிரகலாதன் பார்க்க முடியும் என்று யாரோ ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. உண்மையா என்று தெரியாது. காலையில் தெளிந்த மனதோடு இன்னொரு முறை படித்துவிட்டு அனுப்பலாம் என்று வைத்தேன்.

அக்டோபர் 20, வெள்ளி

வீட்டிலிருந்து வேலை. காலையில் கடிதத்தைப் படித்தேன். மூன்றாவது வரியில் ‘திருப்பிவிட்டேன்’ என்பதைத் ‘திருப்ப நேர்ந்தது’ என்று மாற்றினேன். பிறகு பழையபடியே மாற்றினேன். பன்னிரண்டு மணிக்கு வாராந்திர அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது, அனுப்பினேன். எல்லா நூல்களுக்கும் பச்சை. சாப்பாடு. சுலோசனாவுக்குப் புது மருந்து ஒரு மணிக்கு.

இரண்டு ஐம்பதுக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கைபேசியைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டு, மொட்டைமாடியில் மழைநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். அடைத்துத்தான் இருந்தது. வேப்பிலை, ஒரு பால் பாக்கெட், காக்கை கொண்டுவந்து போட்ட கம்பி. கையால் ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். தடையில்லாமல் இறங்கியது. இன்னொரு வாளியும் ஊற்றினேன்.

மூன்று இருபதுக்கு இறங்கி வந்தேன். சுலோசனா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"போன் ரெண்டு தடவை அடிச்சுது. பெங்களூர் நம்பர்."

"எடுத்திருக்கலாமே."

"உங்களுக்கு வந்த போனு." அவள் என் ஈரக் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கேக்கற தூரத்துலதான் இருந்தீங்க. மேலருந்து எனக்கு வாளி சத்தம் கேட்டுச்சே."

கை கழுவப் போனேன்.

மழைக்கு முன் செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்று முடிந்தது.